முதலில் ரேமைப் பாருங்கள், பிறகு இன்டெலா ரைசனா என்று கேளுங்கள்

பழைய கொம்பியூட்டரைப் புதுப்பிக்க நினைக்கும் யாரும் கடைக்குப் போனவுடன் கேட்கும் கேள்வி, "இன்டெல் நல்லதா, ரைசன் நல்லதா?" என்பதுதான். இரண்டும் புரொசசர், அதாவது கொம்பியூட்டரை இயக்கும் முதன்மைச் சிப்; இன்டெல் ஒரு கம்பனி, ரைசன் ஏஎம்டி என்ற கம்பனியின் தயாரிப்பு. சில வருடங்களுக்கு முன்பு அங்கிருந்து தொடங்குவதில் பெரிய பிழை இருக்கவில்லை. மெசின் ஓடும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம் மலிவாக இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் புதிய ரேம் இரண்டு வாங்கிப் போட்டுவிடலாம். 2025 இன் கடைசி மாதங்களில் அந்த நிலைமை மாறிவிட்டது. சில மெசின்களில் புரொசசரை விட ரேமுக்கே கூடுதல் பணம் போகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு பாகம் வாங்குபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொருந்தாத ஒன்று வந்து சேர்ந்தால், அதைத் திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க கொழும்புக்கும் இங்கேயுமாக நாட்கள் போகும்.

ஆகவே கேள்வியின் ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கையில் என்ன ரேம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த ரேமை ஏற்கும் மதர்போட், அதாவது எல்லாப் பாகமும் பூட்டப்படும் பலகை, எது என்று அடுத்துப் பாருங்கள். புரொசசர் எந்தக் கம்பனி என்பது அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்போது இந்தக் குழப்பம்

இரண்டு விடயங்கள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

1. விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11 இற்கு இன்டெலில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். (ஐ5-8400 என்ற பெயரில் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை.) ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையின் பெரும்பாலானவையும் அதற்குப் பிந்தியவையும் பட்டியலில் உள்ளன. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் செக்யூர் பூட்டும் தேவை. இங்கே பல வீடுகளிலும் ரியூசன் நிலையங்களிலும் ஓடும் 4ஆம், 6ஆம், 7ஆம் தலைமுறை மெசின்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

2. ரேம் விலை ஏறியது. உலகில் ரேம் சிப் தயாரிப்பின் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரொன் ஆகிய மூன்று கம்பனிகளின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு எச்பிஎம் என்ற தனிவகை மெமரி வேண்டும். மைக்ரொன் சொன்ன கணக்குப்படி, அதே கொள்ளளவு டிடிஆர்5 (இப்போதைய மெசின்களின் ரேம் வகை) செய்வதை விட எச்பிஎம் செய்ய ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகடு போகிறது. தொழிற்சாலைகள் லாபம் கூடிய பக்கம் திரும்பினால் நம் மெசினுக்குரிய ரேம் குறையும், விலை ஏறும். 2025 டிசம்பரில் மைக்ரொன் தனது குருஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. முந்திய வகையான டிடிஆர்4 உம் தப்பவில்லை. அது பழைய தொழில்நுட்பம் என்று பெரிய கம்பனிகள் உற்பத்தியைக் குறைத்ததால் அதன் விலையும் ஏறியது.

ஒரு பக்கம் மெசினை மாற்றச் சொல்லும் நெருக்கடி. மறுபக்கம் மாற்றினால் ரேமுக்குப் பெரிய செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் ரேம் ஒரு சொத்து. அதைக் காப்பாற்றும் வழி இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்றோடொன்று கட்டப்பட்ட மூன்று பாகங்கள்

புரொசசர், மதர்போட், ரேம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தெரிவு செய்ய முடியாது. ஒன்றைத் தீர்மானித்தால் மற்ற இரண்டிலும் பாதி தீர்ந்துவிடும்.

சொக்கெட் என்பது மதர்போட்டில் புரொசசர் உட்காரும் இடம். அதன் பெயர் பொருந்த வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 போட்டில் ஏஎம்5 புரொசசர் உட்காராது. இன்டெலின் எல்ஜிஏ 1200 இல் எல்ஜிஏ 1700 உட்காராது. பெயர் பொருந்தினாலும் போதாத இடங்கள் உண்டு. இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறைக்கும் 8ஆம், 9ஆம் தலைமுறைக்கும் சொக்கெட்டின் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனால் 6ஆம், 7ஆம் தலைமுறைக்குரிய எச்110 போட்டில் 8ஆம் தலைமுறைப் புரொசசரைப் போட்டால் வேலை செய்யாது. "அதே சொக்கெட் தானே" என்று பாவித்த ஐ5-8400 ஒன்றை மட்டும் வாங்கிப் பழைய போட்டில் போட நினைப்பவர் இங்கேதான் மாட்டுவார்.

சிப்செட் என்பது போட்டின் தரத்தைச் சொல்லும் எழுத்தும் எண்ணும்: எச்610, பி760, பி450, பி550 என்று வரும். எத்தனை ரேம் ஸ்லொட், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டலாமா, எத்தனை எஸ்எஸ்டி போடலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

பயோஸ் என்பது போட்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள். போட் தயாரான பிறகு வெளிவந்த புரொசசரை அது அறிந்திருக்காது. அப்டேட் செய்தால்தான் அறியும். அப்டேட் செய்யாத பி450 போட்டில் ரைசன் 5 5600 ஐப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். புரொசசர் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். பழைய புரொசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயோஸை அப்டேட் செய்துவிட வேண்டும்.

ரேமின் மேல் எழுதியிருப்பது என்ன

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை. டிடிஆர்3 இல் 240 பின். டிடிஆர்4 இலும் டிடிஆர்5 இலும் 288 பின். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் ஏமாற வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கீழ் விளிம்பில் தங்க நிறப் பின்களுக்கு நடுவே இருக்கும் வெட்டு சற்றுத் தள்ளி இருப்பது தெரியும். ஸ்லொட்டில் அந்த வெட்டுக்கு நேரே ஒரு மேடு இருக்கும். மேடும் வெட்டும் நேராகவில்லை என்றால் அது வேறு தலைமுறை ரேம். அழுத்தினால் ஸ்லொட் உடையும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2 வோல்ட், டிடிஆர்5 1.1 வோல்ட்.

அடுத்தது வேகம். டிடிஆர்4-3200 என்றால் விநாடிக்கு 320 கோடி தடவை தரவு கைமாறும் என்று பொருள். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தடவை கைமாறுவதால் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 1600 என்று காட்டுவதைப் பார்த்து "கடைக்காரர் பாதி வேக ரேமைத் தந்துவிட்டார்" என்று சண்டைக்குப் போகக்கூடாது. 1600 இன் இரு மடங்குதான் 3200. ஒவ்வொரு தடவையும் 8 பைட் போவதால் ஒரு சனலுக்கு, அதாவது ரேமுக்கும் புரொசசருக்கும் இடையிலான ஒரு பாதைக்கு, விநாடிக்கு 25.6 கிகாபைட். இரண்டு சனல் என்றால் 51.2.

வேகத்துக்குப் பக்கத்தில் சிஎல்16, சிஎல்30 என்று இன்னொரு எண் இருக்கும். கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை எத்தனை துடிப்புக் காத்திருக்க வேண்டும் என்பது அது. அதைத் தனியாகப் பார்த்தால் டிடிஆர்5 மோசம் போலத் தெரியும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

1. டிடிஆர்4-3200 சிஎல்16: 16 துடிப்பை 1600 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 10 நனோ விநாடி.
2. டிடிஆர்5-6000 சிஎல்30: 30 ஐ 3000 ஆல் வகுத்தால் அதுவும் 10 நனோ விநாடி.
3. டிடிஆர்4-3200 சிஎல்22: 13.75 நனோ விநாடி.
4. டிடிஆர்5-5600 சிஎல்46: ஏறத்தாழ 16.4 நனோ விநாடி.

இதிலிருந்து இரண்டு விடயம் புரியும். நல்ல டிடிஆர்4 காத்திருப்பு நேரத்தில் நல்ல டிடிஆர்5 இற்குச் சமம். டிடிஆர்5 வெல்வது ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவில்தான். இரண்டாவது, "டிடிஆர்5" என்ற பெயரை மட்டும் பார்த்து மலிவான சிஎல்46 ரேமுக்காக நல்ல சிஎல்16 டிடிஆர்4 ஐத் தூக்கி எறிவதில் சாதாரண வேலைக்குப் பெரிய லாபம் இல்லை.

பெட்டியில் எழுதிய வேகம் தானாக வராது என்பதும் பலருக்குத் தெரியாது. 3200 சிஎல்16 என்று விற்கும் ரேம் பல போட்களில் முதலில் 2133 அல்லது 2400 இல்தான் ஓடும். பயோஸுக்குள் போய், எழுதிய வேகத்தில் ரேமை ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட வேண்டும். ஏஎம்5 போட்டில் அது எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கும். எச்610 போட் இன்டெல் அனுமதித்த வேகத்துக்கு மேலே போகவிடாது; அந்தப் போட்டுக்கு 3600 ரேம் வாங்குவது வீண் செலவு.

ஒரு 16 கிகாபைட் ரேமை விட இரண்டு 8 ஏன் நல்லது

ஒரே ஒரு ரேம் போட்டால் ஒரு சனல் மட்டும் ஓடும். இரண்டு போட்டால் இரண்டும் ஓடும், தரவு போகும் வேகம் இரட்டிக்கும். தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெசினில் இந்த வித்தியாசம் சில வேலைகளில்தான் தெரியும். புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பும் மெசினில், உதாரணத்துக்கு ரைசன் 5 5600ஜி இல், நன்றாகவே தெரியும். அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான போட்களில் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலும் ஒரே சனலில் போய் உட்காரும்.

வேறு வேறு கம்பனி ரேமைக் கலக்கலாமா? டிடிஆர்4 இல் பெரும்பாலும் ஓடும், ஆனால் வேகம் குறைந்ததன் வேகத்தில்தான். 8 உம் 4 உம் சேர்த்தால் 4 உம் 4 உம் இரண்டு சனலில் ஓடும், மிச்ச 4 ஒரு சனலில் ஓடும். அதுவும் பரவாயில்லை. டிடிஆர்5 இல் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே நான்கு ரேம் போடுவதே சிக்கல்: ரைசன் 7000 இல் நான்கு ஸ்லொட்டும் நிறைந்தால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200 இலிருந்து 3600 ஆக இறங்குகிறது. "இப்போதைக்கு இரண்டு, பிறகு இரண்டு" என்ற திட்டம் டிடிஆர்5 மெசினுக்கு ஒத்துவராது. தேவையானதை இரண்டு ரேமாகவே ஒரே பெட்டியில் வாங்குங்கள்.

இன்டெல் பக்கம்

எல்ஜிஏ 1700 சொக்கெட்டில் 12ஆம் தலைமுறை 2021 இலும், 13ஆம் தலைமுறை 2022 இலும், 14ஆம் தலைமுறை 2023 இலும் வந்தன. இந்தப் புரொசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எதை ஏற்பது என்பதைப் போட் தீர்மானிக்கும். பெரும்பாலும் ஒரு போட்டில் இரண்டில் ஒன்றுதான். ஒரே பெயருள்ள எச்610 போட் டிடிஆர்4 ஆகவும் வரும், டிடிஆர்5 ஆகவும் வரும். பல போட்களின் பெயர் முடிவில் "டி4" அல்லது "டிடிஆர்4" என்று இருக்கும். போனில் ஓர்டர் கொடுக்கும்போது போட்டின் முழுப் பெயரையும் சொல்லி, ரேம் வகையையும் தனியாகச் சொல்லுங்கள்.

கையில் டிடிஆர்4 உள்ளவருக்கு இன்டெலின் இந்தக் கதவு பெரிய உதவி. நான்கு கோர் ஐ3-12100, ஆறு கோர் ஐ5-12400 ஆகியவை இன்னும் சிறந்த தெரிவுகள். பெயரின் முடிவில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் படம் வராது. மலிவாக இருக்கிறதே என்று எஃப் வாங்கிவிட்டு, அப்புறம் கார்ட் தேடி அலைவதில் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

பாவித்த புரொசசர் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். 13ஆம், 14ஆம் தலைமுறையில், பெயரின் முடிவில் "கே" உள்ள ஐ5 வகையிலும் ஐ7, ஐ9 வகைகளிலும் மின்னழுத்தம் மிகுந்து சிப் மெல்ல மெல்லத் தேயும் பிழை இருந்தது. 2024 இல் இன்டெல் அதை ஒத்துக்கொண்டு பயோஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. பெட்டியோடு விற்றவற்றுக்கு வொரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. ஆகவே பாவித்த ஐ7, ஐ9 ஒன்றைப் பழைய வரலாறு தெரியாமல் வாங்காதீர்கள். 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

2024 ஒக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்ற புதிய சொக்கெட், டிடிஆர்5 மட்டும். எல்லாமே புதிதாக வாங்குபவருக்குரிய கதை அது.

ஏஎம்டி பக்கம்

ஏஎம்4 சொக்கெட்டின் ஆயுள் கொம்பியூட்டர் உலகில் அபூர்வமானது. 2017 இல் வந்த முதல் ரைசனும் பிறகு வந்த ரைசன் 5000 உம் ஒரே சொக்கெட். எல்லாம் டிடிஆர்4. 2017, 2018 இல் ரைசன் 5 1600 ஓடு பி350 அல்லது பி450 போட் வாங்கியவர் பயோஸை அப்டேட் செய்து ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ் ஐப் போட்டால் போதும். போட் அதே, ரேம் அதே, விண்டோஸ் 11 உம் ஏறும். இதைவிட மலிவான புதுப்பித்தல் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கவனிக்க வேண்டியது: 5600 இற்குள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி இற்குள் உண்டு. ஆனால் 5600ஜி இல் எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 16 மெகாபைட்தான், 5600 இல் 32. தனிக் கார்ட் உள்ளவர் ஜி வாங்கத் தேவையில்லை.

ஏஎம்5 2022 செப்டெம்பரில் வந்தது, டிடிஆர்5 மட்டும். 2027 உம் அதற்குப் பிறகும் இந்தச் சொக்கெட்டுக்குப் புரொசசர் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ரேமுக்குப் பெரிய காசு கொடுத்தாலும் அதே போட்டில் இன்னொரு தடவை புரொசசரை மாற்றலாம் என்பது இதன் பலம். இதற்கு டிடிஆர்5-6000 சிஎல்30 நல்ல பொருத்தம். அதற்கு மேலே போனால் விலை ஏறும் அளவுக்குப் பலன் ஏறாது.

ஏஎம்5 மெசினை முதன்முறை ஓன் செய்யும்போது திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கும். அது ரேமைப் பரிசோதித்துத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பயந்து சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். அப்படியே விட்டுவிட வேண்டும்.

உங்கள் மெசின் எங்கே நிற்கிறது

டாஸ்க் மனேஜரைத் திறந்து பர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ரேமின் அளவு, வேகம், எத்தனை ஸ்லொட் நிறைந்திருக்கிறது என்பது தெரியும். அதே பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் புரொசசரின் பெயர் மேலே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கீழே பாருங்கள்.

1. 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறை இன்டெல்: ரேம் டிடிஆர்3. காப்பாற்ற எதுவும் இல்லை. போட், புரொசசர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும். புது ரேமின் விலையைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது, நல்ல நிலையில் உள்ள 8ஆம் அல்லது 10ஆம் தலைமுறைப் பாவித்த மெசின் ஒன்று ரேமோடு சேர்த்துக் கிடைத்தால் அதுவே பலருக்கு லாபம்.

2. 6ஆம், 7ஆம் தலைமுறை இன்டெல்: பெரும்பாலும் டிடிஆர்4-2133 அல்லது 2400. இந்த ரேம் புதிய போட்டிலும் ஓடும், வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு. எல்ஜிஏ 1700 டிடிஆர்4 போட்டும் ஐ3-12100 அல்லது ஐ5-12400 உம் போதும். ரேமின் வேகம் போதவில்லை என்று தோன்றினால் விலை இறங்கும் காலத்தில் அதை மட்டும் மாற்றலாம். இந்தத் தலைமுறைப் போட்களில் சில டிடிஆர்3 வகை ரேமும் எடுத்தன. அதனால் கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. ரைசன் 1000 முதல் 3000 வரை: பயோஸை அப்டேட் செய்து புரொசசரை மட்டும் மாற்றுங்கள். வேறு பாகம் எதையும் தொடத் தேவையில்லை.

4. 8ஆம், 9ஆம், 10ஆம் தலைமுறை இன்டெல்: விண்டோஸ் 11 ஏறும். "டிபிஎம் இல்லை" என்று காட்டினால் பயோஸில் அது அணைந்திருக்கும். இன்டெல் போட்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போட்டில் எஃப்டிபிஎம் என்றும் தேடுங்கள். மெசின் மெதுவாக இருந்தால், இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். அதை எஸ்எஸ்டி ஆக்கினால் புரொசசரை மாற்றியதை விடக் கூடிய வித்தியாசம் தெரியும்.

5. கையில் எதுவும் இல்லை, புது மெசின்: ஐந்தாறு வருடம் ஓட்ட வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் ஏஎம்5. இப்போதைக்குக் குறைந்த செலவில் முடிய வேண்டும் என்றால் இரண்டு பக்கத்திலும் எங்கே பாவித்த டிடிஆர்4 நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அந்தப் பக்கம்.

பெரிய கம்பனிகளின் அலுவலக மெசின் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் போட்டும் பவர் சப்ளையும் பல நேரம் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். சாதாரண போட்டை அந்தப் பெட்டிக்குள் பூட்ட முடியாது, அந்தப் பவர் சப்ளையின் வயர் சாதாரண போட்டில் பொருந்தாது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என்ன வேலைக்கு எது

டைப்பிங், போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் செய்யும் கொமினிகேஷன் கடைக்கும், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கும் ஐ3-12100 அல்லது 5600ஜி தாராளம். ரேம் 16 கிகாபைட். 8 இலும் ஓடும், ஆனால் குரோமில் பத்துப் பக்கம் திறந்தவுடன் திணறும்.

ஸ்டூடியோ வைத்துத் திருமண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு விடயம் வேறு. இப்போதைய கமெராக்களில் பல 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற வடிவில் பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டுவதற்குரிய வன்பொருள் இன்டெலின் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் உள்ள உள் கிராபிக்ஸில் இருக்கிறது. என்விடியா கம்பனியின் கிராபிக்ஸ் கார்ட்டுகளில் 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. ஆகவே பழைய என்விடியா கார்ட் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு எஃப் இல்லாத இன்டெல் புரொசசர் கையில் கொடுத்து வைத்த உதவி. டைம்லைன் தடங்காமல் ஓடும். பெஞ்ச்மார்க் பட்டியல்களில் ரைசன் மேலே இருந்தாலும் இந்த ஒரு வேலையில் என் ஓட்டு இன்டெலுக்கு. ரேம் 32.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைகள் முன்னே நிற்கின்றன. 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டிலும் 96 மெகாபைட் எல்3 கேஷ் இருப்பதால் ரேமின் வேகத்தைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. பழைய டிடிஆர்4 ஓடு நன்றாக ஓடும் என்பதால் கையில் உள்ள ஏஎம்4 போட்டுக்கு அவை பொருத்தமான கடைசித் தெரிவு.

திருகோணமலைக்கு என்று சில கவனங்கள்

மே தொடங்கி செப்டெம்பர் வரை இங்கே அடிக்கும் வெயிலில் ஏசி இல்லாத அறைக்குள் காற்றே சூடாக இருக்கும். புரொசசரின் விசிறி அந்தக் காற்றைத்தான் ஊதுகிறது. 65 வொட் என்று எழுதிய ரைசன் 5 5600 உச்சத்தில் 76 வொட் வரை போகலாம். ஐ5-12400 இற்கு இன்டெல் சொல்லும் உச்சம் 117 வொட். இரண்டுக்கும் பெட்டியோடு வரும் விசிறி போதும். ஐ7-14700கே போன்றவை 253 வொட் வரை போகும். அதற்குப் பெரிய கூலர், நல்ல பவர் சப்ளை, கூடிய கரண்ட் பில் எல்லாம் சேரும். இங்குள்ள சூட்டுக்கு 65 வொட் வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ரேமின் பின்களில் மங்கல் படிய வைக்கும். மெசின் ஓன் ஆகாமல் பீப் சத்தம் போட்டால் புது ரேம் வாங்க ஓடுவதற்கு முன்பு, கரண்டை முழுதாகத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பின்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதி, திரும்பப் பூட்டிப் பாருங்கள். இன்றைய ரேம் விலையில் இந்தச் சிறு வேலைக்குப் பெறுமதி அதிகம். அடிக்கடி கரண்ட் போய் வருவதால் யூபிஎஸ் ஒன்று வைப்பதும் அவசியம், குறிப்பாகப் பயோஸ் அப்டேட் செய்யும்போது. பாதியில் கரண்ட் போனால் போட் செத்துவிடலாம்.

ஏஎம்4 புரொசசரைக் கழற்றுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின்கள் புரொசசரின் அடியில் இருக்கும். புரொசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிப் பிடித்துக்கொள்வதால், கூலரை நேரே மேலே இழுத்தால் புரொசசரும் சொக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின் வளையும். மெசினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி விலக்கிய பிறகு தூக்க வேண்டும். இன்டெலில் பின்கள் போட்டில் இருப்பதால், பாவித்த போட் வாங்கும்போது சொக்கெட் மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பின் வரிசையில் ஒன்று வளைந்திருந்தாலும் வெளிச்சம் அந்த இடத்தில் வேறாகத் தெறிக்கும்.

பணம் கொடுக்கும் முன்பு

நகரக் கடைகளில் இல்லாததைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது இன்னொரு பயணம். ஓர்டர் கொடுக்கும் முன்பு மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

1. போட்டின் முழு மொடல் பெயர். அந்தப் பெயரை வைத்துப் போட் கம்பனியின் இணையத்தளத்தில் புரொசசர் பட்டியலைத் திறந்தால், உங்கள் புரொசசர் எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று இருக்கும். அந்தப் பதிப்பை ஏற்றித் தருமாறு கடையில் கேளுங்கள்.
2. ரேமின் வகை, வேகம், சிஎல் எண், எத்தனை துண்டு. "16 ஜிபி ரேம் ஒன்று" என்று மட்டும் சொல்லக்கூடாது.
3. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பது. பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பூட்டி முடிந்தவுடன் கடையிலேயே பயோஸைத் திறக்கச் சொல்லி, ரேமின் மொத்த அளவும் வேகமும் சரியா, இரண்டு சனலும் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு படுக்கும் முன்பு ஓடவிடுங்கள். 16 கிகாபைட்டுக்கு நான்கு சுற்று முடியச் சில மணி நேரம் எடுக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் எக்ஸ்எம்பியை அணைத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் காட்டினால் ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, பிழை வரும் துண்டைப் பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள்.